நான்கு நிமிடம் இருபது விநாடி

கோயம்புத்தூரில், நூற்பாலை எந்திரங்களுக்கு உதிரி பாகங்கள் செய்து தரும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் கணினி, நெட்வொர்க், தொலைபேசி ஆகிய மூன்றையும் நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். அலுவலகக் கட்டடம் ஒன்று, உற்பத்திக் கூடங்கள் இரண்டு. மூன்றிலும் சேர்த்து 68 மேசைத் தொலைபேசிகள். எல்லாமே கணினி வலை வழியே பேசும் ஐபி தொலைபேசிகள். அவற்றை இயக்குவது ஒரு லினக்ஸ் சர்வரில் ஓடும் ஆஸ்டரிஸ்க் என்னும் தொலைபேசி இணைப்பக மென்பொருள். கூடங்களில் வேலை நேர மணியை ஒலித்துக்கொண்டிருந்த பழைய ஆம்ப்ளிஃபையர் ஒரு மழைக்காலத்தில் உயிரை விட்டது. புதிதாக ஒன்று வாங்காமல், இருக்கிற தொலைபேசிகளின் ஸ்பீக்கரையே பயன்படுத்திக்கொள்ள முடியுமா என்று பொது மேலாளர் கேட்டார். முடியும் என்று நான் சொன்னவுடன் பட்டியல் வளர்ந்தது: வாடிக்கையாளர் காத்திருக்கும்போது கேட்கும் டிங்-டிங் ஓசைக்குப் பதில் நல்ல இசை வேண்டும், இரவில் கணக்கு முடிப்பவர்கள் 701 என்று அழுத்தினால் இணைய வானொலி கேட்க வேண்டும், காலை எட்டரை முதல் ஒன்பது வரை கூடங்களில் வாத்திய இசையும் இடையிடையே பாதுகாப்பு அறிவிப்புகளும் ஒலிக்க வேண்டும், உணவு வேளைக்கும் பணி முடிவுக்கும் மணி அடிக்க வேண்டும்.

இரண்டு நாள் வேலை என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் கற்றவற்றை, இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றையும் கட்டளைவரியிலேயே செய்தேன். எங்கள் ஆஸ்டரிஸ்க்கை உலாவியில் திறந்து இயக்க வலைத்திரை எதுவும் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், 68 தொலைபேசிகளின் அமைப்புத் திரையை ஒவ்வொன்றாக உலாவியில் திறந்து ஒரே முகவரியை 68 முறை தட்டினால், எங்கோ ஒன்றில் ஓர் எண் தவறும். எந்தத் தொலைபேசியில் தவறியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. கட்டளையாக எழுதினால் தவறும் 68 இடத்திலும் ஒன்றுபோலவே நிகழும். திருத்துவதும் ஒரே முறைதான்.

காத்திருப்பு இசையில் பெரிய சிக்கல் இருக்கவில்லை. முதலில் நான் வைத்த கோப்பு நொடிக்கு 44,100 மாதிரி என்ற வீதத்தில் பதிவான வேவ் கோப்பு. ஆஸ்டரிஸ்க் அதை ஏற்க மறுத்து, தான் எதிர்பார்ப்பது 8,000 என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு மௌனம் காத்தது. அழைத்தவருக்குக் கேட்டதும் அந்த மௌனம்தான். 'சாக்ஸ்' கருவியால் கோப்பை 8,000 வீதத்துக்கும் ஒற்றைத் தடத்துக்கும் மாற்றி, கோப்பின் உரிமையை ஆஸ்டரிஸ்க் ஓடும் பயனருக்குக் கொடுத்து, காத்திருப்பு இசையை மீண்டும் ஏற்ற 'மோஹ் ரீலோட்' என்று தட்டி, 'மோஹ் ஷோ ஃபைல்ஸ்' என்று கேட்டுக் கோப்பு பட்டியலில் வந்திருக்கிறதா என உறுதி செய்துகொண்டால் போதும். கோப்பு உரிமையை மறந்துவிட்டால், வேர்ப் பயனருக்கு (ரூட்) மட்டும் சொந்தமான கோப்பை ஆஸ்டரிஸ்க்கால் படிக்க முடியாமல் போகலாம். அந்தத் தவறையும் ஒரு மாலை முழுவதும் செய்தேன்.

எந்த இசையை வைப்பது என்பதுதான் யோசிக்க வேண்டியதாக இருந்தது. திரைப்பாடல் வைக்க எல்லாருக்கும் ஆசை. ஆனால் வணிக நிறுவனம் ஒன்று அப்படி ஒலிக்கவிட உரிமம் வாங்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருப்பவரின் மகள் வீணை வாசிப்பார்; அவரிடம் அனுமதி கேட்டு அரை மணி நேரம் பதிவு செய்துகொண்டோம். பதிவில் மிருதங்கமும் சேர்ந்திருந்தது. அதைத் தொலைபேசியில் கேட்டபோது வலந்தலையின் தட்டுகள் கேட்டன, தொப்பியின் கும்கி மட்டும் காணாமல் போயிருந்தது. காரணம் எளிது: பழைய தொலைபேசிப் பட்டை ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான், ஒலியை எண்களாக்கும் ஜி.711 என்னும் குறியீட்டு முறை அந்தப் பட்டைக்கென்றே அமைந்தது. அலுவலகத்துக்குள் ஜி.722 பயன்படுத்தினால் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும், வித்தியாசம் காதில் பளிச்சென்று தெரியும். ஆனால் வெளியிலிருந்து அழைப்பவர் அதை அனுபவிக்க வழியில்லை. அதிலும் கைபேசியில் அழைப்பவருக்கு இசை தேய்ந்துதான் கேட்கும். கைபேசி வலையின் குறியீட்டு முறைகள் பேச்சுக்கென்று வடிக்கப்பட்டவை. எனவே மிருதங்கம் இல்லாத பகுதியை வெட்டியெடுத்து, ஒலியளவைச் சற்றுக் குறைத்து வைத்தேன். காத்திருப்பு இசை மென்மையாக இருப்பதே மேல். காதோடு ஒட்டி வைத்துக் கேட்கும் ஒலி அது.

இணைய வானொலி வேறு வகை. ஆஸ்டரிஸ்க்கின் இசை வகுப்பில் 'கஸ்டம்' என்று ஒரு முறை உண்டு. நாம் சுட்டும் நிரலை அது தானே தொடங்கி, அந்த நிரல் வெளியிடும் கச்சா ஒலியை, அதாவது 8,000 வீதம், 16 பிட், ஒற்றைத் தடம் என்ற வடிவில், கேட்பவர்கள் எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கும். எந்த எண்ணை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் டயல்பிளானில் 701-க்கு எழுத வேண்டியது, அழைப்பை எடு, பிறகு அந்த வகுப்பின் இசையை ஓட்டு என்னும் இரண்டே வரி. நிரலாக, ஒலியை வடிவம் மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக்கைச் சுட்டினேன்.

முதல் முறை ஓட்டியபோது எதுவும் கேட்கவில்லை. அதே கட்டளையை முனையத்தில் தனியாக ஓட்டினால் ஒலி கொட்டுகிறது. வானொலியின் முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன், சரியாகவே இருந்தது. பிறகுதான் கவனித்தேன், அந்த முகவரியின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி இருந்தது. ஷவுட்காஸ்ட் வகைச் சர்வர்களில் இது வழக்கம். அரைப்புள்ளி இல்லாவிட்டால் ஒலிக்குப் பதில் தகவல் பக்கம் வந்துவிடும். ஆனால் ஆஸ்டரிஸ்க்கின் அமைப்புக் கோப்புகளில் அரைப்புள்ளி என்றால் அதற்குப் பின் வருவது குறிப்புரை என்று பொருள். முகவரியின் வாலை அது சத்தமில்லாமல் நறுக்கிவிட்டு, மிச்சத்தை எஃப்எஃப்எம்பெக்கிடம் கொடுத்திருக்கிறது. முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் தீர்ந்துவிடும். நான் அதைவிடப் பாதுகாப்பான வழியாக, முழுக் கட்டளையையும் ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி, அமைப்புக் கோப்பில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையை மட்டும் கொடுத்தேன். இணைப்பு அறுந்தால் மீண்டும் இணைந்துகொள்ளச் சொல்லும் விருப்பங்களும் அந்த ஸ்கிரிப்டிலேயே இருக்கின்றன.

அடுத்த முறை ஒலி வந்தது. ஆனால் செய்தி வாசித்த பெண்ணின் குரல், கிணற்றடியிலிருந்து பேசும் கிழவரின் குரலாக, பாதி வேகத்தில் வந்தது. ஒற்றைத் தடமாக்கும் விருப்பத்தை ஸ்கிரிப்டில் சேர்க்க மறந்திருந்தேன். இடம், வலம் என்று இரண்டு தடத்தின் மாதிரிகளும் மாறி மாறி வர, ஆஸ்டரிஸ்க் அவை எல்லாவற்றையும் ஒரே தடமென எண்ணி வரிசையாக வாசித்ததால், ஒரு நொடி ஒலி இரண்டு நொடிக்கு நீண்டுவிட்டது. குரல் தடித்து இழுபட்டால் மாதிரி வீதத்தையோ தட எண்ணிக்கையையோ பாருங்கள். குரல் சரியான சுருதியில் இருந்து வெட்டி வெட்டி வந்தால் அது வேறு நோய். அந்த இரண்டாவது நோய்க்கு ஆஸ்டரிஸ்க்கின் கட்டளைவரியில் 'டைமிங் டெஸ்ட்' என்று தட்டிப் பார்க்கலாம்: 1,000 மில்லிவிநாடியில் 50 துடிப்பு கிடைத்ததென்று பதில் வந்தால் சர்வரின் கடிகாரத்தில் குறையில்லை.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'கஸ்டம்' முறையில் சுட்டிய நிரல், கேட்பவர் ஒருவரும் இல்லாத போதும் ஓடிக்கொண்டே இருக்கும். இணையக் கட்டணம் அளவு பார்த்து வசூலிக்கப்படும் இடத்தில், பகலெல்லாம் யாரும் கேட்காத வானொலிக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இனி மூன்றாவது வேலை, கூடங்களின் காலை இசையும் மணியும். மூன்று வாரத்தை விழுங்கியது இதுதான்.

68 தொலைபேசிக்கும் தனித்தனியாக அழைப்பு அனுப்பி, அவை தாமாக எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். ஜி.711-இல் ஓர் அழைப்பு ஈதர்நெட்டில் ஒரு திசைக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் எடுக்கும். 68 அழைப்பும் சேர்ந்து 6 மெகாபிட்டைத் தாண்டாது, உள்வலைக்கு அது ஒரு பொருட்டில்லை. இடைஞ்சல் வேறு. ஒவ்வொரு தொலைபேசியும் வெவ்வேறு கணத்தில் அழைப்பை எடுக்கும். தகரக் கூரையின் கீழ் பத்துத் தொலைபேசி சற்றே முன்பின்னாக ஒரே சொல்லைச் சொன்னால், அறிவிப்பு கேட்காது, எதிரொலிதான் கேட்கும். மல்டிகாஸ்ட் இதற்கு நல்ல மருந்து. சர்வர் ஒரே ஓட்டத்தை ஒரு குழு முகவரிக்கு அனுப்புகிறது; அந்த முகவரியில் காது வைத்திருக்கும் எல்லாத் தொலைபேசியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. 239-இல் தொடங்கும் முகவரிகள் நிறுவனங்களின் உள்வலையில் புழங்குவதற்கென்று 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2365 என்னும் இணைய நெறி ஆவணத்தில் ஒதுக்கப்பட்டவை. காலை இசைக்கு 239.1.1.1, மணிக்கு 239.1.1.2 என்று வைத்துக்கொண்டேன்.

தொலைபேசிகளில் பெரும்பாலானவை யீலிங்க் நிறுவனத்தவை. அவை தொடங்கும்போது சர்வரிலிருந்து தத்தம் அமைப்புக் கோப்பை எடுத்துக்கொள்ளும். எந்த முகவரியில், எந்த வாயில் எண்ணில் (போர்ட்) காது வைக்க வேண்டும், எதற்கு முன்னுரிமை என்பன அந்தக் கோப்பில் சில வரிகள். ஒரே வேலையை ஒவ்வொரு கோப்புக்கும் திரும்பச் செய்யும் ஒரு சுழற்சி எழுதி எல்லாக் கோப்பையும் ஒரே நேரத்தில் புதிதாக உருவாக்கினேன். 68 தொலைபேசியும் புதிய கோப்பை எடுத்துச் சென்றதாகச் சர்வரின் பதிவேடு சொன்னது. ஒன்றுகூட அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தக் கோப்பின் முதல் வரியில் பதிப்பு எண்ணைச் சொல்லும் ஒரு வரி இருந்தாக வேண்டும். பார்வைக்குக் குறிப்புரைபோலத் தோன்றும் அந்த வரியை என் சுழற்சி அழகுபடுத்துகிறேன் என்று நீக்கியிருந்தது. குற்றம் முழுக்க என்னுடையது. குறிப்புரை எது, கட்டளை எது என்று தோற்றத்தை வைத்து முடிவு செய்ததால் வந்த வினை. அரைப்புள்ளியில் அடிபட்டவன் இதிலாவது விழித்திருக்க வேண்டும்.

கோப்பை மாற்றிய பிறகு, அதைப் படித்துக்கொள் என்று தொலைபேசிகளுக்கு ஆஸ்டரிஸ்க்கிலிருந்தே ஓர் அறிவிப்பு அனுப்பலாம். இருக்கை இருக்கையாகப் போய் மின்கம்பியைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவிப்பை வரையறுக்கும் கோப்பிலும், மறுதொடக்கம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் இடத்துக்கு முன்னால் ஓர் அரைப்புள்ளி வரும். பின்சாய்கோட்டை இம்முறை மறக்கவில்லை.

இசையை அனுப்ப எஃப்எஃப்எம்பெக்கையே பயன்படுத்தினேன். முதல் நாள், சர்வரிலிருந்து பாக்கெட்டுகள், அதாவது ஒலியின் சிறு துண்டுகள், கிளம்புகின்றன, ஆனால் ஒரு தொலைபேசியும் வாய் திறக்கவில்லை. எங்கள் சர்வரில் இரண்டு நெட்வொர்க் அட்டைகள்: ஒன்று இணையப் பக்கம், மற்றொன்று தொலைபேசிப் பக்கம். மல்டிகாஸ்ட் முகவரிக்கென்று தனி வழி சொல்லாவிட்டால் லினக்ஸ் அதை இயல்பு வழியில் தள்ளும். எங்கள் வீணை இசை அரை நாள் முழுவதும் இணைய ரவுட்டரை நோக்கிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் 'டிசிபிடம்ப்' கருவியை ஒவ்வோர் அட்டையிலும் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 239 முகவரிகள் தொலைபேசிப் பக்க அட்டை வழியே போகட்டும் என்று ஒரு வழித்தடக் கட்டளை கொடுத்தவுடன், மேசை மேல் இருந்த தொலைபேசி வாசிக்கத் தொடங்கியது.

வாசித்தது, ஆனால் வடைச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல இடையிடையே படபடப்பு. டிசிபிடம்ப் திரையை உற்றுப் பார்த்தேன். பாக்கெட் நீளங்கள் 221, 220, 221 என்று வந்துகொண்டிருந்தன. எம்பி3 கோப்பின் ஒரு சட்டகத்தில், அதாவது ஒரு துண்டில், 1,152 மாதிரிகள். 44,100 வீதத்தில் அது 26 மில்லிவிநாடி ஒலி. 8,000 வீதத்துக்கு இறக்கினால் ஏறத்தாழ 209 மாதிரி. ஜி.711-இல் ஒரு மாதிரிக்கு ஒரு பைட், அதோடு ஒலியைச் சுமக்கும் ஆர்டிபி நெறிமுறையின் தலைப்பு 12 பைட். ஆகக் கூடி 221. தொலைபேசிகளோ 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட், அதில் 160 மாதிரி என்ற நடையில் பழகியவை. எஃப்எஃப்எம்பெக்கில் ஒலிச் சட்டகத்தை 160 மாதிரியாக வெட்டச் சொல்லும் வடிகட்டி ஒன்று உண்டு. அதைச் சேர்த்ததும் திரையில் 172, 172, 172 என்று ஒரே எண் அருவிபோல இறங்கியது, படபடப்பும் நின்றது. இப்போதும் ஏதாவது கரகரப்பு என்று யாராவது சொன்னால், ஒலியைக் கேட்பதற்கு முன் அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன். 160-உம் 12-உம் சேர்ந்தால் 172. அந்த எண் தவறினால் அனுப்பும் பக்கத்தில்தான் கோளாறு.

மல்டிகாஸ்ட்டில் பேச்சுவார்த்தை கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சாதாரண அழைப்பில் இரு முனையும் எந்தக் குறியீட்டு முறை என்று பேசி ஒத்துக்கொள்கின்றன. இதில் அனுப்புபவர் வைத்ததே சட்டம். புரியாத தொலைபேசி பேசாமல் இருந்துவிடும். ஜி.722-இல் அனுப்பினால் அலுவலகத்தில் இனிமையாக இருந்தது, கூடத்திலிருந்த பழைய தொலைபேசிகள் ஊமையாயின. ஜி.711-க்கே திரும்பினேன்.

அதன் பிறகுதான் அந்தப் பேய் வந்தது.

இரவு எட்டு மணிக்கு எல்லாத் தொலைபேசிகளையும் மறுதொடக்கம் செய்து, இசையை ஓடவிட்டு, கூடத்தில் நடந்து பார்த்தேன், எல்லாம் ஒலித்தன. வீட்டுக்குப் போய்விட்டேன். காலை எட்டரைக்கு ஒன்றும் ஒலிக்கவில்லை. ஓடி வந்து பார்த்தால், சர்வரிலிருந்து 172, 172 என்று ஒழுங்காகக் கிளம்புகிறது. ஒரு தொலைபேசியை மறுதொடக்கம் செய்தேன், ஒலித்தது. சரி, தொலைபேசியில்தான் ஏதோ கோளாறு என்று மென்பொருளைப் புதுப்பித்தேன். புதுப்பித்தால் மறுதொடக்கம் ஆகும் அல்லவா, மீண்டும் ஒலித்தது. தீர்ந்தது என்று எழுந்து போனேன். அடுத்த நாள் காலை மீண்டும் மௌனம். இப்படி நான்கு நாள். நான் செய்த ஒவ்வொரு மாற்றமும் தொலைபேசியை மறுதொடக்கம் செய்யவைத்தது. மறுதொடக்கம் செய்த ஒவ்வொரு முறையும் அது ஒலித்தது. எனவே நான் செய்த ஒவ்வொரு மாற்றமும் சரியான தீர்வாகவே எனக்குத் தோன்றியது.

முடிச்சை அவிழ்த்தவர் வரவேற்பில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் அக்கா. அவர் மேசைத் தொலைபேசியையும் சோதனைக்காகச் சேர்த்திருந்தேன். ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க தம்பி, இந்த வீணை ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல நின்னு போகுதுங்களே, அதுக்கு மேல வாசிக்கத் தெரியாதா அந்தப் புள்ளைக்கு?" என்றார். மறுதொடக்கம் செய்து, இசை அடுக்கை முதலிலிருந்து ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு நிமிடம் கடந்தது. இன்னும் சில விநாடி. நின்றது. மீண்டும் செய்தேன். மீண்டும் அதே இடம், நான்கு நிமிடம் இருபது விநாடி, அதாவது 260 விநாடி.

கோளாறுகள் இப்படி உருண்டையான நேரத்தில் தற்செயலாக வருவதில்லை. யாரோ எங்கோ ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அந்த 260 எங்கிருந்து வருகிறதென்று மல்டிகாஸ்ட் குழுவில் சேர்வதற்கான ஐஜிஎம்பி நெறிமுறையைப் படித்தபோது புரிந்தது. தொலைபேசி விழித்தவுடன் 'நான் 239.1.1.1 குழுவில் சேர்கிறேன்' என்று ஒரு செய்தி அனுப்புகிறது. தொலைபேசிகளின் கம்பிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் அதை ஒட்டுக்கேட்டு, அந்தக் கம்பி செருகியிருக்கும் இந்த வாயிலுக்கு இந்த ஓட்டம் தேவை என்று குறித்துக்கொள்கிறது. இதைத்தான் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்பார்கள். அந்தக் குறிப்பு நிரந்தரமில்லை. வலையில் யாராவது ஒருவர் 125 விநாடிக்கு ஒரு முறை 'இன்னும் யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?' என்று விசாரிக்க வேண்டும். தொலைபேசிகள் அதற்குப் பதில் சொல்ல, குறிப்பு புதுப்பிக்கப்படும். இரண்டு விசாரணைக்கான 250 விநாடியும் பதிலுக்கான 10 விநாடியும் கடந்தும் பதில் வராவிட்டால், கேட்பவர் போய்விட்டார் என்று ஸ்விட்ச் குறிப்பை அழித்துவிடும். வழக்கமாக அந்த விசாரணையைச் செய்வது மல்டிகாஸ்ட் தெரிந்த ரவுட்டர். எங்கள் தொலைபேசி விலேனில், அதாவது தொலைபேசிகளுக்கென்று பிரித்துவைத்த வலையில், அப்படி ஒன்றும் இல்லை. விசாரிக்க ஆளில்லாத வீட்டில், பதில் சொல்லவில்லை என்று எல்லாரையும் ஸ்விட்ச் கணக்கிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் தொடக்கத்தில், என் மேசையில் இரண்டு தொலைபேசிகளை வைத்துச் சோதித்தபோது மணிக்கணக்காக ஓடியதே, அது எப்படி? அப்போது நான் பயன்படுத்திய சோதனை முகவரி 239.0.0.10. ஐபி மல்டிகாஸ்ட் முகவரியின் கடைசி 23 பிட் மட்டுமே ஈதர்நெட் முகவரிக்குள் போகிறது, எனவே 239.0.0.10-உம் 224.0.0.10-உம் ஈதர்நெட் மட்டத்தில் ஒரே முகவரி. 224.0.0 வரிசை வலையின் சொந்தக் காரியங்களுக்கானது என்பதால் ஸ்விட்சுகள் அதை வடிகட்டாமல் எல்லா வாயிலுக்கும் அனுப்பும். எங்கள் ஸ்விட்ச் ஈதர்நெட் முகவரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் வகை. தவறான முகவரியைத் தேர்ந்ததால்தான் சோதனை வென்றது, முகவரியை ஒழுங்காக்கியவுடன் தோற்றது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

தீர்வு ஒரு வரிதான். மைய ஸ்விட்சின் கட்டளைவரியில் நுழைந்து, தொலைபேசி விலேனில் அதற்கொரு ஐபி முகவரி இருப்பதை உறுதிசெய்து, ஸ்னூப்பிங் க்வெரியர் என்னும் விசாரணைப் பணியை இயக்கினேன். 'ஷோ' கட்டளை கொடுத்துக் குழுப் பட்டியலைக் கேட்டபோது, 239.1.1.1-க்கு நேரே வாயில்கள் வரிசையாக வந்து நின்றன. ஸ்னூப்பிங்கையே அணைத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கம்பி வலையில் போதும். ஆனால் அதே விலேனில் வைஃபை இருந்தால், அணுகுபுள்ளி மல்டிகாஸ்ட்டை மிகக் குறைந்த வேகத்தில் ஒலிபரப்பும். ஒரு மெல்லிய ஓட்டம்கூடக் காற்றுவெளியில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். எங்கள் கூடத்தில் பார்கோடு கருவிகள் வைஃபையில் இருக்கின்றன. நான் அந்த வழிக்குப் போகவில்லை.

பெறும் பக்கத்தில் மடிக்கணினி வைத்துச் சோதிக்கும்போது ஒரு நுட்பம்: வெறும் டிசிபிடம்ப் ஓட்டினால் ஒன்றும் வராது, ஏனென்றால் உங்கள் மடிக்கணினி குழுவில் சேரவில்லை, ஸ்விட்சும் அனுப்பாது. 'எஃப்எஃப்ப்ளே' கருவியில் அந்த ஆர்டிபி முகவரியைத் திறந்தால் அது முறைப்படி சேர்ந்து கேட்கும். பக்கத்தில் டிசிபிடம்ப் ஓடட்டும். எந்தக் குழுக்களில் சேர்ந்திருக்கிறோம் என்பதை 'ஐபி எம்ஏடிடிஆர்' கட்டளை காட்டும்.

எஃப்எஃப்எம்பெக்கைச் சோதனையின்போது கையால் ஓட்டினேன். பிறகு, லினக்ஸில் நிரல்களைத் தானே தொடங்கிக் கண்காணிக்கும் சிஸ்டம்டியின் சேவையாக்கினேன். சேவையாக்கிய மறுநாள் ஒலி துண்டு துண்டாக வந்தது. நீளம் பார்த்தேன், 172 சரி. ஆனால் வரிகள் இரட்டை வேகத்தில் ஓடின. புறப்படும் வாயில் எண்கள் இரண்டு, மாறி மாறி. பின்னணியில் கையால் ஓடவிட்டு மறந்த பழைய எஃப்எஃப்எம்பெக் இன்னும் உயிரோடு அதே முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வாரம் சர்வர் மறுதொடக்கமானபோது சேவையே எழவில்லை: இசைக் கோப்புகள் இருந்த பகிர்வு வட்டு சற்றுத் தாமதமாக இணைந்ததால், கோப்பில்லை என்று நிரல் உடனே மடிந்தது, சிஸ்டம்டி நொடிக்குள் ஐந்து முறை எழுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. மறுமுயற்சிகளுக்கிடையில் ஐந்து விநாடி இடைவெளி கொடுத்தால் அந்த எல்லையில் முட்டாது, வட்டு வரும்வரை முயன்றுகொண்டிருக்கும்.

மணிக்கு எஃப்எஃப்எம்பெக் வேண்டியதில்லை; ஆஸ்டரிஸ்க்கிலேயே மல்டிகாஸ்ட் ஆர்டிபி என்னும் சேனல் இருக்கிறது. எந்த முகவரி, எந்தக் குறியீட்டு முறை, என்ன ஒலிக்க வேண்டும் என்று சில வரியில் ஓர் அழைப்புக் கோப்பு எழுதி, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் க்ரானில் நேரம் குறித்து, ஆஸ்டரிஸ்க் கண்காணிக்கும் அடைவில் போட்டால் உடனே ஒலிக்கும். கோப்பை அங்கே நகலெடுக்காதீர்கள், நகர்த்துங்கள்: நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையிலேயே ஆஸ்டரிஸ்க் அதைப் படித்துவிடக்கூடும். மணியோசைக் கோப்பின் தொடக்கத்தில் ஒரு விநாடி மௌனம் சேர்த்தேன், தொலைபேசி ஸ்பீக்கரைத் திறப்பதற்குள் முதல் ஓசை விழுங்கப்பட்டதால். முன்னுரிமை அமைப்பையும் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காததால், பொது மேலாளர் ஒரு வாடிக்கையாளரிடம் விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் உணவு மணி அவர் காதுக்குள் அடித்தது. அன்று மாலைக்குள், நடந்துகொண்டிருக்கும் அழைப்பை எந்த ஒலியும் குறுக்கிடக் கூடாது என்று 68 கோப்பிலும் மாற்றினேன்.

இதெல்லாம் முடிந்து ஐந்து மாதம் ஒரு குறையுமில்லை. சித்திரையில் ஒரு நாள் நீண்ட மின்வெட்டு. யுபிஎஸ்ஸும் தீர்ந்து எல்லாக் கருவிகளும் அணைந்து எழுந்தன. மறுநாள் காலை எட்டரையைத் தாண்டி அக்காவிடமிருந்து அழைப்பு.

"தம்பி, ஸ்விட்ச் எல்லாம் இப்பத்தான் போட்டாங்க. வீணை வந்துச்சுங்க, மறுபடி நின்னு போச்சுங்க."

"எத்தன நிமிசம் வாசிச்சதுங்க்கா?"

"ஒரு நாலு நிமிசத்துக்கு மேல இருக்குமுங்க."

சர்வரைத் தொடவில்லை. நேரே மைய ஸ்விட்சுக்குள் நுழைந்து பார்த்தேன். விசாரணைப் பணி அணைந்திருந்தது. ஐந்து மாதத்துக்கு முன், கண்டுபிடித்த மகிழ்ச்சியில், ஓடும் அமைப்பில் மட்டும் மாற்றிவிட்டுத் தொடக்க அமைப்பில் சேமிக்காமல் வெளியே வந்திருக்கிறேன். சர்வரில் 239-க்குக் கொடுத்த வழித்தடத்தை மட்டும் எப்படியோ அன்றே கோப்பில் எழுதி வைத்திருந்தேன். அந்த ஒரு வரியை மீண்டும் தட்டி, இம்முறை சேமித்து, சேமித்த அமைப்பைத் திறந்து அந்த வரி உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழுப் பட்டியலில் வாயில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.